இலைக் கணக்கு நோட்டும் டேட்டா அனலிட்டிக்ஸ் படிப்பும்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் எங்கள் வீட்டுக்கு யாராவது ஒரு பிள்ளை மார்க் பிரிண்டோடு வந்துவிடும். இந்த வருஷம் வந்தது பக்கத்துத் தோட்டத்து வீட்டுப் பெண். "அக்கா, டேட்டா அனலிட்டிக்ஸ் படிச்சா உங்க மாதிரி வேலை கிடைக்குமா? எந்த காலேஜ்ல சேரணும்?" என்று கேட்டாள். கூடவே அவள் அம்மாவும் வந்திருந்தார், கையில் கோயம்புத்தூர்க் கல்லூரி ஒன்றின் வழவழப்பான புத்தகம், அதில் கடைசிப் பக்கத்தில் கட்டணம் பென்சிலில் எழுதியிருந்தது. அந்தத் தொகையைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அவர்களுடைய தோட்டம் முக்கால் ஏக்கர். அன்றைக்கு ஒரு மணி நேரம் பேசியும் பாதிதான் சொல்ல முடிந்தது, மீதியையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் நான் சொல்வதை எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம் என்று உங்களுக்குத் தெரியும். கோத்தகிரிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் தேயிலை வீடு எங்களுடையது. ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் படித்தேன், 2016-ல் முடித்தேன், மூன்று வருஷமும் பஸ்ஸில் போய் வந்துதான். முதல் வேலை திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில், எம்.ஐ.எஸ். என்று சொல்வார்கள், அன்றாட உற்பத்திக் கணக்கை எக்செல்லில் ரிப்போர்ட் போடும் வேலை, மாதம் 12,000 ரூபாய். இப்போது சில்லறை வியாபாரம் செய்யும் ஒரு நிறுவனத்தின் அனலிட்டிக்ஸ் டீமில் இருக்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் கோயம்புத்தூர், மற்ற நாட்கள் வீட்டிலிருந்தே.

படிப்பைப் பற்றிப் பேசுவதற்கு முன் இந்த வேலை என்ன என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் கல்லூரிப் புத்தகங்களில் அது இருப்பதில்லை. அதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் எங்கள் அப்பாவின் இலைக் கணக்கு நோட்டு.

2020 ஊரடங்கில் வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்பா 2014-லிருந்து ஒவ்வொரு தடவை இலை போடும்போதும் நோட்டில் எழுதியிருந்தார்: தேதி, மொத்த எடை, கழிவு, நிகர எடை, விலை. மழை பெய்த நாளில் ஓரத்தில் 'மழை' என்று ஒரு வார்த்தை. இலை விற்கிற எல்லோருக்கும் கழிவு என்றால் என்னவென்று தெரியும். ஈர இலையில் தண்ணீர் இருக்கும், அதற்காக எடையில் கொஞ்சம் கழித்துக்கொண்டுதான் இலையை வாங்குகிற ஏஜென்ட் கணக்குப் போடுவார். எத்தனை கழிப்பது என்பது பெரும்பாலும் அவர் வாயில் வருவதுதான். அந்த ஏஜென்ட் மழைக்கும் வெயிலுக்கும் ஒரே மாதிரி கழிக்கிறார் என்று அப்பாவுக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம்.

நான் ஆறு வருஷ நோட்டையும் எக்செல்லில் ஏற்றினேன். பத்து நாளுக்கு மேல் ஆனது. அப்பாவின் கையெழுத்தில் 1-க்கும் 7-க்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பதிலேயே ஒரு சாயங்காலம் போனது. அப்புறம் மழை நாள், மழையில்லாத நாள் என்று பிரித்து நூறு கிலோவுக்கு எவ்வளவு கழிவு என்று பார்த்தேன். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தது. அப்பா சொன்னது சரி என்று குதித்துக்கொண்டு போய்ச் சொன்னேன், அவரும் தெரிந்த நாலு பேரைக் கூட்டிக்கொண்டு ஏஜென்டிடம் கேட்கப் போய்விட்டார்.

ஏஜென்ட் கோபப்படவில்லை. "தண்ணிக்கு மட்டுமா கழிக்கிறேன், முத்தின இலை வந்தா அதுக்கும்தானே கழிக்கிறேன்" என்றார். திரும்பி வந்து மறுபடி உட்கார்ந்தேன். ஒரு தடவை பறித்ததற்கும் அடுத்த தடவை பறித்ததற்கும் நடுவில் எத்தனை நாள், அதாவது பறிப்புச் சுற்று எவ்வளவு என்று நோட்டிலிருந்தே கணக்கிட்டேன். அப்போதுதான் விஷயம் தெரிந்தது. நல்ல மழைக்காலத்தில் கொழுந்து வேகமாக வரும், நாங்களும் அடிக்கடி பறிப்போம், இலை இளசாக இருக்கும், ஆனால் ஈரம். வறண்ட நாட்களில் சுற்று தள்ளிப்போகும், இலை காய்ந்திருக்கும், ஆனால் முற்றியிருக்கும். ஒரு கழிவு ஏறும்போது இன்னொரு கழிவு இறங்குகிறது, இரண்டையும் கூட்டிப் பார்த்தால் எல்லா நாளும் ஒன்று போலத் தெரிகிறது. சுற்று நாட்கள் ஒரே அளவாக உள்ள தடவைகளை மட்டும் எடுத்து ஒப்பிட்டேன். மழை நாளில் கழிவு கூடத்தான் செய்தது. ஆனால் அடுத்தடுத்த நாளில் பறித்த இலை, சுற்றும் ஒன்று, மழையும் இல்லை, ஆனாலும் கழிவில் பெரிய வித்தியாசம் என்ற இடங்களும் இருந்தன. அப்பாவின் சந்தேகம் பாதி சரி, பாதி தப்பு. அந்த ஏஜென்டிடம் ஈரத்துக்கு எவ்வளவு, முற்றலுக்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதித் தரச் சொன்னோம், அவரும் எழுதித் தந்தார், இப்போதும் தருகிறார்.

டேட்டா அனலிட்டிக்ஸ் என்பது இதுதான். கேள்வி, கணக்கை ஏற்றுவது, சுத்தம் செய்வது, பிரித்துப் பார்ப்பது, அவசரப்பட்டு ஒரு முடிவு சொல்வது, அது தப்பென்று தெரிந்து திரும்பி வந்து இன்னொரு காரணத்தைத் தேடுவது. ஆபீஸிலும் நான் தினமும் செய்வது இதே வேலை, இலைக்குப் பதில் அங்கே சட்டையும் சோப்பும். இதில் எக்செல் தெரிந்ததால் நடந்தது ஒரு பங்கு. ஒரு காரணத்துக்குள் இன்னொரு காரணம் ஒளிந்திருக்கும் என்று தெரிந்ததால் நடந்தது மூன்று பங்கு. அந்த இரண்டாவதைச் சொல்லித் தருவது புள்ளியியல் பாடம். நான் கணிதம் படித்தவள், புள்ளியியலைப் பிற்பாடு தனியாகப் படித்துப் பிடித்தேன், அது முதலிலேயே கிடைத்திருந்தால் ஏஜென்டிடம் அப்பாவை அவசரப்பட்டு அனுப்பியிருக்க மாட்டேன்.

சரி, படிப்புக்கு வருகிறேன்.

இப்போது கவுன்சிலிங்கில் எல்லோரும் கேட்பது பி.டெக். ஏ.ஐ. அண்ட் டேட்டா சயன்ஸ். கலைக் கல்லூரிகளில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயன்ஸ் வித் டேட்டா அனலிட்டிக்ஸ் என்று இருக்கிறது. பி.காம். பிசினஸ் அனலிட்டிக்ஸ் இருக்கிறது. பி.எஸ்சி. புள்ளியியல், பி.எஸ்சி. கணிதம் என்று நம் அப்பா அம்மா காலத்துப் பெயர்களும் இருக்கின்றன. பெயரில் 'டேட்டா' என்று இருந்தால்தான் அந்த வேலை கிடைக்கும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். எங்கள் டீமில் ஒருவர் பி.எஸ்சி. இயற்பியல், ஒருவர் எம்.எஸ்சி. புள்ளியியல், இருவர் இன்ஜினியரிங், ஒருவர் பி.காம். இன்டர்வியூவில் யாரிடமும் பட்டத்தின் பெயரை வைத்துக் கேள்வி கேட்கவில்லை. ஒரு டேட்டா டேபிளைக் கொடுத்து, இதிலிருந்து இதை எடுத்துக் காட்டு என்றார்கள்.

ஒரு கல்லூரியைப் பார்க்கப் போனால் கட்டடத்தைப் பார்க்காதீர்கள், பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். ஆறு செமஸ்டரில் புள்ளியியலும் நிகழ்தகவும் எத்தனை பேப்பர், லீனியர் அல்ஜீப்ரா இருக்கிறதா, டேட்டாபேஸ் பாடத்துக்கு லேப் இருக்கிறதா, கடைசி செமஸ்டர் புராஜெக்டை மாணவர்களே செய்கிறார்களா அல்லது கடையில் வாங்கி பைண்ட் பண்ணுகிறார்களா. கடைசிக் கேள்வியை சீனியர் பிள்ளைகளிடம் தனியாகக் கேளுங்கள், உண்மையைச் சொல்லிவிடுவார்கள். பெயரில் டேட்டா சயன்ஸ் இருந்து புள்ளியியல் ஒரே ஒரு பேப்பர் இருந்தால், என் கருத்தில் அதைவிட பி.எஸ்சி. புள்ளியியல் நூறு மடங்கு மேல்.

புள்ளியியலுக்குத் தமிழ்நாட்டில் நல்ல இடங்கள் இருக்கின்றன. சென்னையில் மாநிலக் கல்லூரி, லயோலா, கிறிஸ்தவக் கல்லூரி, மேற்படிப்புக்கு சென்னைப் பல்கலைக்கழகம், நமக்குப் பக்கத்தில் பாரதியார் பல்கலைக்கழகம். கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. டெக்கில் பிளஸ் டூ முடித்ததும் சேரக்கூடிய ஐந்து வருஷ எம்.எஸ்சி. டேட்டா சயன்ஸ் இருக்கிறது. கணக்கில் நல்ல பிடிப்புள்ள பிள்ளைகள் அதற்கும் மேலே பார்க்க வேண்டும். மகாலனோபிஸ் 1931-ல் கொல்கத்தாவில் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பி.ஸ்டாட். என்ற புள்ளியியல் பட்டப் படிப்பு இருக்கிறது, 2024-லிருந்து புள்ளியியல் டேட்டா சயன்ஸில் நாலு வருஷப் படிப்பு ஒன்றும் தொடங்கியிருக்கிறார்கள். நுழைவுத் தேர்வு கஷ்டம், பிளஸ் ஒன்னிலேயே தயாராக வேண்டும். நம் மலைப் பள்ளிகளில் இதைப் பற்றிச் சொல்பவர்கள் குறைவு என்பது எனக்குப் பெரிய வருத்தம். எனக்கு அப்படி ஒரு நிறுவனம் இருப்பதே 22 வயதில்தான் தெரிந்தது. டிகிரி முடித்த பிறகும் வழி மூடிவிடுவதில்லை. சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் நிறுவனத்தில் எம்.எஸ்சி. டேட்டா சயன்ஸ் இருக்கிறது, ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. புள்ளியியலுக்கு ஜாம் தேர்வு இருக்கிறது, கேட் (GATE) தேர்வில் 2024-லிருந்து டேட்டா சயன்ஸுக்கும் ஏ.ஐ.க்கும் என்று தனிப் பேப்பரே வந்துவிட்டது.

இப்போது நம் பிள்ளைகளுக்கு மிகவும் பொருந்தும் என்று நான் நம்புகிற வழி. சென்னை ஐ.ஐ.டி.யின் பி.எஸ். டேட்டா சயன்ஸ் படிப்பு. 2020-ல் தொடங்கியது. ஜே.இ.இ. வேண்டாம். பிளஸ் டூவில் எந்த குரூப் என்றாலும் பரவாயில்லை, பத்தாவதில் கணக்கும் ஆங்கிலமும் இருந்தால் போதும். முதலில் நாலு வாரம் பாடம் நடத்துவார்கள், வீடியோவில், அதற்கு அசைன்மென்ட் செய்ய வேண்டும், பிறகு ஒரு தகுதித் தேர்வு, அதில் தேறினால் உள்ளே. அடுத்து ஃபவுண்டேஷன், டிப்ளமா, பி.எஸ்சி., பி.எஸ். என்று படி படியாக ஏறலாம், நடுவில் எந்தப் படியில் நிறுத்தினாலும் அதுவரை படித்ததற்குச் சான்றிதழ் உண்டு. ஃபவுண்டேஷனில் எட்டுப் பாடம்: கணிதம் இரண்டு, புள்ளியியல் இரண்டு, ஆங்கிலம் இரண்டு, கம்ப்யூடேஷனல் திங்கிங், பைத்தான் புரோகிராமிங். பாருங்கள், எட்டில் நாலு கணக்கும் புள்ளியியலும். சாதி, வருமானச் சான்றிதழைப் பொறுத்துக் கட்டணத்தில் 75 சதவீதம் வரை சலுகை இருக்கிறது.

பாடம்தான் ஆன்லைன், தேர்வு நேரில் போய் எழுத வேண்டும். என் சித்தி மகன் கோயம்புத்தூரில் எழுதுகிறான், தேர்வு நாளில் விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடிக்கிறான். எளிதாக நினைத்துச் சேர்ந்தவர்கள் பாதியில் நிற்பதையும் பார்த்திருக்கிறேன், வாரா வாரம் அசைன்மென்ட், கடைசி நாள் தள்ளிப்போகாது. மழைக்காலத்தில் கரன்ட் போய், டவரும் போய், மூன்று நாள் இருட்டில் இருக்கிற ஊர் நம்முடையது. அதனால் வீடியோக்களை வாரத் தொடக்கத்திலேயே டவுன்லோட் பண்ணிவிடச் சொல்கிறேன், அசைன்மென்டைக் கடைசி நாளுக்குத் தள்ளாமல் வந்த அன்றே தொடங்கச் சொல்கிறேன்.

இதில் முக்கியமான விஷயம், 2022 ஏப்ரலில் யு.ஜி.சி. என்கிற பல்கலைக்கழக மானியக் குழு ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கலாம் என்று அனுமதி கொடுத்துவிட்டது. பக்கத்து அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்துகொண்டு, வீட்டிலிருந்து ஐ.ஐ.டி. படிப்பையும் படிக்கலாம். அந்தப் பெண்ணுக்கு நான் சொன்னது இதைத்தான். அரசுப் பள்ளியில் ஆறாவதிலிருந்து படித்தவள், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும், அரசுக் கல்லூரிக் கட்டணம் சொற்பம், அம்மா நகையை அடகு வைக்க வேண்டிய அவசியம் இல்லை. இன்ஜினியரிங்தான் வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2021-லிருந்து 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே கட்டுகிறது. அந்த ஒதுக்கீட்டில் நல்ல கல்லூரி கிடைத்தால் பி.டெக். எடுங்கள், நான் தடுக்க மாட்டேன். கடன் வாங்கி, பெயர் தெரியாத கல்லூரியில், மேனேஜ்மென்ட் சீட்டில் சேர்வதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

கடனைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. டிகிரி முடித்த வருஷம் நான் கோயம்புத்தூரில் ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்தேன். ஆறு மாதம், 60,000 ரூபாய், 'நூறு சதவீத வேலை உறுதி' என்று பேனர். அந்தப் பணம் அப்பா இலை ஏஜென்டிடம் வாங்கிய முன்பணம். வகுப்பில் பைத்தான், ஆர், டேப்ளோ, மெஷின் லேர்னிங் என்று வாரத்துக்கு ஒன்று ஓட்டினார்கள். ஒன்றும் உள்ளே போகவில்லை. டேட்டாபேஸிலிருந்து கணக்கை எடுக்கப் பயன்படும் எஸ்.க்யூ.எல். கடைசி இரண்டு நாள், அதுவும் ஸ்லைடில். வேலை உறுதி என்றது கால் சென்டருக்கு அனுப்பிய ஒரு இன்டர்வியூ கடிதம். அந்த முன்பணத்தை அடைக்கும் வரை, ஏஜென்ட் விலை குறைத்துக் கொடுத்தாலும், எங்களால் வேறு யாருக்கும் இலை போட முடியவில்லை. யாராவது வேலைக்கு உத்தரவாதம் என்று சொல்லி முன்கூட்டியே பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அங்கே சொல்லிக் கொடுக்கிற அத்தனையும் என்.பி.டி.இ.எல்., ஸ்வயம் தளங்களில் நல்ல பேராசிரியர்கள் இலவசமாக நடத்துகிறார்கள், தேர்வு எழுதிச் சான்றிதழ் வேண்டும் என்றால் மட்டும் கொஞ்சம் பணம். கல்லூரியில் இருப்பவர்களுக்குத் தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டத்திலும் வகுப்புகள் வருகின்றன, அதை வெறும் அட்டெண்டன்ஸ் என்று விட்டுவிடாதீர்கள்.

கருவிகளில் எதை முதலில் படிப்பது என்று கேட்பார்கள். எக்செல், பிறகு எஸ்.க்யூ.எல்., பிறகு சார்ட் போடுகிற பவர் பி.ஐ. அல்லது டேப்ளோவில் ஒன்று, பிறகு பைத்தான். இந்த வரிசையில். எஸ்.க்யூ.எல்.லை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள், இரண்டு டேபிளைச் சேர்க்கும்போது ஏன் வரிகள் இரட்டிப்பாகிவிட்டன என்பதை நீங்களே கண்டுபிடிக்கும் வரை. நான் வேலையில் பாதி நேரம் செய்வது சுத்தம் செய்கிற வேலைதான். எங்கள் நிறுவனத்து வாடிக்கையாளர் பட்டியலில் ஒரே ஊர் ஊட்டி, உதகை, உதகமண்டலம், ஊட்டகமண்ட் என்று நாலு ஊராக இருந்தது. கோத்தகிரியை ஆங்கிலத்தில் டி-க்குப் பிறகு ஹெச் போட்டும் எழுதுகிறார்கள், போடாமலும் எழுதுகிறார்கள், கம்ப்யூட்டருக்கு அது இரண்டு ஊர். வெளியூர்க்காரர் ஒருவர் அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு நீலகிரியில் விற்பனை குறைவு என்று முடிவுக்கு வந்திருந்தார். சேர்த்துப் பார்த்தால் குறைவே இல்லை. இடம் தெரிந்தவர் கணக்கைப் பார்ப்பதற்கும் தெரியாதவர் பார்ப்பதற்கும் இவ்வளவு வித்தியாசம் இருக்கிறது, மலைப் பிள்ளைகள் இந்த வேலைக்கு வர வேண்டும் என்று நான் ஆசைப்படுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று சொல்கிறேன். 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வர இ-பாஸ் கட்டாயம் என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது, 2025 ஏப்ரலிலிருந்து நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று அளவும் வைத்தார்கள். மலை எவ்வளவு வண்டியைத் தாங்கும் என்று ஆராயும் பொறுப்பு சென்னை ஐ.ஐ.டி.க்கும் பெங்களூரு ஐ.ஐ.எம்.முக்கும் போனது. இது முழுக்க முழுக்க அனலிட்டிக்ஸ் வேலை. இப்போது யோசித்துப் பாருங்கள், நீலகிரியின் டி.என். 43 பதிவு வண்டிக்கு இ-பாஸ் வேண்டாம், அரசு பஸ்ஸுக்கு வேண்டாம். அப்படியானால் இ-பாஸ் எண்ணிக்கையை மட்டும் வைத்து 'இத்தனை பேர் வந்தார்கள்' என்று சொன்னால் பஸ்ஸில் வந்த குடும்பங்கள் அந்தக் கணக்கில் எங்கே? எந்தக் கணக்கைப் பார்த்தாலும் இதில் யார் இல்லை என்று முதலில் கேட்கிற பழக்கம் வர வேண்டும்.

சராசரியும் அப்படித்தான். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அதே மாவட்டத்தில் கோத்தகிரிக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவத்தில்தான் வரும். இரண்டையும் கூட்டி வகுத்து மாவட்ட சராசரி என்று போட்டால் அது அவலாஞ்சிக்கும் பொருந்தாது, எங்கள் தோட்டத்துக்கும் பொருந்தாது. தேயிலை வாரியம் மாதா மாதம் அறிவிக்கிற பச்சைத் தேயிலை சராசரி விலையை அப்பா பேப்பரில் பார்த்துவிட்டு, நமக்கு ஏன் இது வரவில்லை என்று கேட்பார். அந்தக் கேள்வியிலேயே ஒரு செமஸ்டர் பாடம் இருக்கிறது.

வேலை என்று பார்த்தால், முதலில் கிடைப்பது எம்.ஐ.எஸ். எக்ஸிகியூட்டிவ், ரிப்போர்டிங் அனலிஸ்ட், டேட்டா அனலிஸ்ட் மாதிரியான பெயர்கள். சம்பளம் தொடக்கத்தில் பெரிதாக இருக்காது, என்னுடையதைச் சொல்லிவிட்டேன். இரண்டு மூன்று வருஷத்தில் பாதை பிரியும். வியாபாரம் புரிகிறவர்கள் பிசினஸ் அனலிஸ்ட் பக்கம் போவார்கள். கணக்கை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தடங்கலில்லாமல் கொண்டுபோகிற குழாய்களைக் கட்டுவது பிடித்தால் டேட்டா இன்ஜினியர், அதற்கு புரோகிராமிங் நன்றாக வர வேண்டும். மாடல் போட்டு முன்கூட்டியே கணிக்கிற டேட்டா சயன்டிஸ்ட் வேலைக்குப் பெரும்பாலும் மேற்படிப்போ ஆழமான புள்ளியியலோ கேட்பார்கள். எல்லோரும் நேராக அங்கேயே போக நினைத்து வெறுத்துப்போகிறார்கள். நான் அனலிஸ்டாகவே இருக்கிறேன், எனக்குக் கேள்வி கேட்பவர்களோடு உட்கார்ந்து பேசுவது பிடித்திருக்கிறது.

மருத்துவ ஆராய்ச்சியில் பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்று ஒரு தனி உலகம் இருக்கிறது, வேலூர் சி.எம்.சி.யில் அதற்கு எம்.எஸ்சி. இருக்கிறது. இன்ஷூரன்ஸ் பக்கம் ஆக்சுவரி, ரிஸ்க்கைக் கணக்குப் போட்டுச் சொல்பவர். பிளஸ் டூ முடித்ததும் நுழைவுத் தேர்வு எழுதலாம், பிறகு பல பேப்பர்கள், வருஷக்கணக்கில் ஆகும், பொறுமை உள்ளவர்களுக்கு நல்ல தொழில்.

அரசு வேலை வேண்டும் என்று வீட்டில் சொல்வார்கள், அதற்கும் இந்தப் படிப்பில் வழி உண்டு, இது பலருக்குத் தெரியாது. யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வு இருக்கிறது, டிகிரியில் புள்ளியியல் ஒரு பாடமாக இருந்தால் எழுதலாம். மத்திய அரசு வேலைகளுக்கான எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். தேர்வில் ஜூனியர் ஸ்டாட்டிஸ்டிகல் ஆபீசர் பதவி, டிகிரியில் புள்ளியியல் இல்லாவிட்டாலும் பிளஸ் டூ கணக்கில் 60 சதவீதம் இருந்தால் போதும். மாநிலத்தில் பொருளியல் புள்ளியியல் துறைக்கு உதவிப் புள்ளியியல் ஆய்வாளரை டி.என்.பி.எஸ்.சி. எடுக்கிறது. பெயரில் டேட்டா சயன்ஸ் போட்ட பட்டத்தை இந்தத் தேர்வுகளுக்கு ஏற்பார்களா என்று சேர்வதற்கு முன்பே அறிவிப்பை எடுத்து வரி வரியாகப் படித்துப் பாருங்கள். பி.எஸ்சி. புள்ளியியல் என்றால் அந்தக் கவலையே இல்லை.

ஆங்கிலம் பயமாக இருக்கிறது என்று அந்தப் பெண் கடைசியில்தான் சொன்னாள், மெல்லிய குரலில். எனக்கும் இருந்தது. திருப்பூரில் முதல் மூன்று மாதம் மீட்டிங்கில் வாயே திறக்கவில்லை. ஆனால் சார்ட் போட்டுக் காட்டினால் சார்ட் பேசிவிடும், நாம் இரண்டு வரி சொன்னால் போதும். அந்த இரண்டு வரியை முந்தின நாள் எழுதி மனப்பாடம் பண்ணிக்கொண்டு போவேன். வருஷம் போகப் போக இரண்டு வரி பத்து வரியானது. அவளுக்குச் சொன்னதும் இதையேதான், தினமும் ஒரு சின்னக் கணக்கைப் பார்த்து அது என்ன சொல்கிறது என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுது, தப்பாக இருந்தாலும் எழுது, எனக்கு அனுப்பு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டாள். லேப்டாப் இல்லை, போனில் கூகுள் ஷீட்டில் அவள் அம்மாவின் இலை நோட்டை ஏற்றிக்கொண்டிருக்கிறாள். நான் ஒன்றும் சொல்லித் தரவில்லை, தேதிக்கு ஒரு நெடுவரிசை, கழிவுக்கு ஒன்று என்று அவளே போட்டிருந்தாள். 2021-ல் இரண்டு மாதத்துக்குப் பக்கங்கள் கிழிந்து போயிருக்கின்றன. அந்த இடத்தில் பூஜ்யம் போடட்டுமா, காலியாக விடட்டுமா என்று கேட்டாள். பூஜ்யம் போட்டால் அந்த மாதம் இலையே பறிக்கவில்லை என்று ஆகிவிடும், நமக்கு அது தெரியாது, காலியாகவே விடு என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். அந்த வருஷம் செடியை வெட்டிக் கவாத்து பண்ணினோமா என்று அம்மாவைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.